மூன்று பிளக், நான்கு வயர்

ஞானஜோதியின் ஆம்னி வேன் யானைக்கு முன்னால் நின்றுபோன கதையைச் சாந்தன்பாறையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கூட இருந்து பார்த்ததுபோலவே சொல்வார்கள். உண்மையில் அங்கே இருந்தவர்கள் அத்தனை பேரும் ஓடிவிட்டார்கள். ஓடியவனுக்கு முதுகிலா கண் இருக்கும் என்று அவள் கேட்பாள்.

நடந்தது இவ்வளவுதான். பூப்பாறையிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில், தொண்டிமலைக்குப் பக்கத்து வளைவில், பட்டப்பகலில் பனி இறங்கிக் கிடந்தது. நடுச்சாலையில் ஒற்றை யானை. இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றன. ஞானஜோதியின் வேன் இருமியது, உதறியது, தானாகவே அணைந்தது. யானை அவள் பக்கம் திரும்பி நடக்க ஆரம்பித்தது. பின்னால் வந்த ஜீப்பிலிருந்து ஏலத்தோட்டத்துப் பெண்கள் குதித்து ஓடினார்கள். "யக்கா, வண்டிய விட்டுட்டு ஓடியாங்க" என்று யாரோ கத்தினார்கள். அவள் ஓடவில்லை. சாவியைத் திருகினாள், திருகினாள், திருகிக்கொண்டே இருந்தாள். வேனுக்குள் பின்னால் மெத்தையில் அவள் கணவன் சூசையப்பன் படுத்திருந்தான். இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லாத மனிதன். அவனை விட்டுவிட்டு எங்கே ஓடுவது?

யானை வந்து முன்கண்ணாடியில் மூச்சு விட்டது. தும்பிக்கையால் வைப்பரைத் தொட்டுப் பார்த்தது. என்ன நினைத்ததோ, சரிவில் இறங்கி ஏலக்காட்டுக்குள் போய்விட்டது. வெகுநேரம் கழித்து வெயில் வந்தது. வெயில் வந்ததும் வேன் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆனது. அதை எட்டி ஓர் உதை விடவேண்டும்போல அவளுக்கு ஆத்திரம் வந்தது.

ஞானஜோதி ஏலக்காய் ஸ்டோரில் காய் தரம் பிரிக்கிறவள். பச்சைக் காய், வெடித்த காய், வண்டு தொட்ட காய் எல்லாம் அவள் விரலுக்கே தெரியும், கண்ணைக்கூடக் கேட்பதில்லை. சூசையப்பன் தோட்டம் தோட்டமாக மருந்தடிக்கவும், சில்வர் ஓக் மரத்தில் ஏறி மிளகு பறிக்கவும் போனவன். அப்படி ஒரு மரத்திலிருந்துதான் விழுந்தான். மகள் பின்சி கட்டிக்கொடுத்த இடம் காந்தலூர். அவளுக்கு அவள் பாடே பெரும்பாடு. ஆகவே நாற்பது தாண்டிய வயதில் ஞானஜோதி வண்டி ஓட்டப் படித்தாள். தோட்டத்து வரிசைக் குடியிருப்பில், லைன் வீட்டில், பெண்கள் சிரித்தார்கள். இப்போது அதே பெண்கள் காய்ச்சல் வந்தால் அவள் வாசலில்தான் வந்து நிற்கிறார்கள்.

ஜீப்பில் அவனை உட்காரவைக்க முடியாது. குலுங்கினால் புண் கிழியும். ஆம்னிக்கு இழுக்கிற கதவு, தாழ்ந்த தரை. பின் சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, அவன் தலை டிரைவர் சீட்டை ஒட்டி வருமாறு மெத்தை போட்டாள். பழைய வண்டிதான், ஆனால் அவனுக்கென்றே அளவெடுத்துச் செய்ததுபோல இருந்தது. அதற்கு ஒரு விசித்திரம் உண்டு. எஞ்சின் முன்பக்கம் இல்லை, பின்பக்கமும் இல்லை. முன் சீட்டுகளுக்கு அடியில் இருக்கிறது. டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டைத் தூக்கினால் எஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் பிளக்குகளும் அவற்றின் வயர்களும் கைக்கெட்டும்.

புண் என்று சொன்னேன் அல்லவா, அதுதான் இப்போது தலைபோகிற காரியம். படுத்தே கிடந்ததில் முதுகின் அடியில் வந்த புண். படுக்கையில் கிடப்பவர்களைப் பார்க்கப் பஞ்சாயத்திலிருந்து வரும் பாலியேட்டிவ் நர்ஸ் கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு முகம் சுருக்கினாள். எலும்பைத் தொடும் முன்னால் ஆபரேஷன் செய்தாக வேண்டும், ரத்தத்தில் கலந்துவிட்டால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது என்று வெளியே கூப்பிட்டுச் சொன்னாள். தேனி ஆஸ்பத்திரியில் நாள் கொடுத்திருந்தார்கள், வரும் வியாழக்கிழமை. போகிற பாதை அதே பாதை.

அங்கேதான் சூசையப்பன் முரண்டு பிடித்தான்.

"நா ஏறுறேன். ஆனா நீ ஒண்ணு சொல்லணும்" என்றான். "அடுத்த தடவ வண்டி நின்னா நீ இறங்கி ஓடீரணும்."

"வண்டி நிக்காது."

"நின்னா?"

"நிக்காதுங்கேன்ல."

"அந்தா செவுத்துல மாதா படம் இருக்கு. அது முன்னாடி நின்னு ஓடுவேன்னு சொல்லு. சொல்லலன்னா நா ஏற மாட்டேன். என்னயத் தூக்கித்தான் போடணும், தூக்க விடமாட்டேன்."

ஞானஜோதி ஊருக்கெல்லாம் பொய் சொல்லுவாள், மாதாவுக்குச் சொல்ல மாட்டாள். அது அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் அந்த இடத்தில் கொண்டுபோய் அவளை நிறுத்தினான். அவன்மேல் கோபம் கோபமாக வந்தது. கூடவே, இந்த மனிதன் தன் உயிரைப் பற்றிப் பேசவே இல்லையே என்று பாவமாகவும் இருந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு அவள் வேனை எடுத்துக்கொண்டு ஜின்சனின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனாள்.

ஜின்சன் சாந்தன்பாறை முக்கில் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன், கெட்ட பையன் இல்லை. யானை விஷயம் நடந்த மறுநாளே மூன்று பிளக்கையும் புதிதாக மாற்றித் தந்திருந்தான். கொஞ்ச நாள் நன்றாக ஓடியது. அடுத்த சாரல் விழுந்ததும் மறுபடி இருமல்.

"சேச்சி, இதுக்கு மேல என்னால ஆவாது" என்றான். "பிளக்கு மாத்தியாச்சு. இக்னிஷன் காயில் மாத்தியாச்சு. கார்புரேட்டர் கழட்டிக் கழுவியாச்சு. வெயில்ல நல்லா ஓடுது, பனியில நிக்கிது. வண்டிக்கு வயசாயிருச்சு சேச்சி."

"எனக்குந்தான் ஆச்சு. நா நின்னனா?"

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. "வயர மாத்துனியா?" என்று கேட்டாள்.

"பாக்க நல்லாத்தான இருக்கு."

"பாக்க நானுந்தான் நல்லா இருக்கேன். கழட்டு. பிளக்கையும் கழட்டு. போடிக்குக் கொண்டுபோறேன்."

மூன்று பிளக், அவற்றுக்கு மூன்று வயர், கரண்டு அனுப்பும் காயிலிலிருந்து வருவது ஒன்று. ஆக நான்கு வயர். எல்லாவற்றையும் பழைய துண்டில் சுற்றிக் கூடையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். மறுநாள் விடிந்தால் புதன், அதற்கடுத்து வியாழன். பஸ் தொண்டிமலை வளைவைக் கடந்தபோது அவளை அறியாமல் கை முன் சீட்டின் கம்பியை இறுக்கிப் பிடித்தது. பஸ்ஸுக்கு ஒன்றும் ஆகாது என்று தெரியும். தெரிந்து என்ன செய்ய?

போடியில் காளிச்சாமியின் ஸ்பேர் பார்ட்ஸ் கடை பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கிறது. மலைமேல் ஓடுகிற பாதி வண்டிகள் அவர் கையால் உயிர் பிழைத்தவை என்று அவரே சொல்லிக்கொள்வார். பேச்சில் பெருமை கூடுதல், சரக்கில் பொய் கிடையாது. அவர் துண்டை விரித்து ஒரு பிளக்கை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"யக்கா, நுனியப் பாருங்க. பிஸ்கட்டு நெறத்துல இருக்கு. கரி இல்ல, எண்ணெ இல்ல. எஞ்சின் நல்லா எரிக்கிது."

"அப்பறம் ஏன் நிக்கிது?"

"கரண்டு சில நேரம் உள்ள போய்ச் சேரல. வழியிலயே எங்கயோ எறங்கிருது." வயரை எடுத்து வளைத்தார். ரப்பர் தொப்பியை அமுக்கிப் பார்த்தார். "வெடிப்பு ஒண்ணும் பெரிசாத் தெரியல. பனியில மட்டும் நிக்கிதுங்கிறீக. இருங்க."

அவர் மூன்று விதமான பிளக்குகளைக் கண்ணாடி மேசைமேல் பரப்பினார். சாதாரணமானது ஒன்று. நுனி நீண்டது ஒன்று. பெரிய கார்களுக்குப் போடுகிற, ஊசிபோல மெல்லிய முனை கொண்டது ஒன்று. அதைப் பார்த்ததும் ஞானஜோதியின் கை தானாக அதன் பக்கம் போனது. உசத்தியானது என்றால் நிற்காது என்று மனசு ஆசை காட்டியது. எது வாங்கினால் அவனிடம் நிமிர்ந்து நின்று, பாருங்க இது நிக்காது என்று சொல்லலாமோ அது வேண்டும். ஆனால் காய் பிரிக்கிறவள் பழக்கம், புதியதை எடுக்கும் முன்னால் பழையதை ஒருமுறை விரலால் உருட்டிப் பார்த்தாள்.

விரல் நின்றது. பிளக்கின் இரும்பு உடம்பில், திருகுகிற ஆறு பட்டைக்கு மேலே, ஒரு பக்கமாகச் சிவப்பு படர்ந்திருந்தது.

"இது செம்புல செஞ்சதா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா, இரும்புதான். துரு ஏறியிருக்கும்."

"துரு கையில ஒட்டும். இது ஒட்டல. ஜின்சன் இதப் போட்டு ரெண்டு மழ கூடப் பெய்யல, அதுக்குள்ள துருவா?"

நகத்தால் சுரண்டினாள். புதுப் பாத்திரத்தின் செம்பு மினுங்கியது. அந்த மினுக்கத்தை எங்கே பார்த்தோம் என்று நினைத்த மாத்திரத்தில் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஏலத்துக்கு மழைக்காலத்தில் அழுகல் வராமலிருக்கத் துரிசும் சுண்ணாம்பும் கலந்து அடிப்பார்கள். துரிசு என்பது நீல உப்பு. இரும்பைக் கண்டால் விடாது, அதனால் பிளாஸ்டிக் பாத்திரத்தில்தான் கரைக்க வேண்டும். சுண்ணாம்பு போதுமா என்று பார்க்க ஒரு வழி உண்டு. தீட்டிய கத்தியைக் கலவையில் முக்கி எடுப்பார்கள். கத்தி வெள்ளையாகவே இருந்தால் அடிக்கலாம். அலகில் செம்புச் சிவப்பு ஏறினால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும். சூசையப்பன் ஆயிரம் முறை செய்து காட்டியிருக்கிறான். இந்தப் பிளக்கில் இருப்பது அந்தக் கத்தியின் சிவப்பு, வேறொன்றும் இல்லை.

அவர்களுக்குக் குத்தகைக்கு எடுத்த அரை ஏக்கர் ஏலம் உண்டு. அவன் விழுந்தபின் அதற்கு மருந்தடிப்பவள் அவள்தான். துரிசையும் சுண்ணாம்பையும் வீட்டிலேயே தனித்தனியாகக் கரைத்து, தனித்தனிக் கேனில் வேனில் ஏற்றிப்போய்க் காட்டில் வைத்துக் கலப்பாள். பின்னால் நிறைய இடம் உண்டு. ஆனால் அங்கே அவன் மெத்தை இருந்தது. புண்ணுள்ள மனிதன் படுக்கிற இடத்தில் விஷத்தை வைப்பதா என்று நினைத்து, துரிசுக் கேனை ஒவ்வொரு முறையும் முன் சீட்டில் வைத்தாள், சாமியை வைப்பதுபோலச் சாய்க்காமல் வைத்தாள். காட்டுப் பாதைக் குலுக்கலில் மூடி வழியாகக் கசிந்ததும், சீட்டு நனைந்ததும் அவளுக்குத் தெரியும். துடைத்துவிட்டாள். சீட்டுக்கு அடியில் எஞ்சின் மூடியின் ரப்பர் இற்றுப்போயிருந்ததும், நீலத் தண்ணீர் உள்ளே சொட்டி வயர்மேல் காய்ந்து உப்பாகப் படிந்ததும் தெரியாது. வெயிலில் அது சும்மா கிடந்தது. பனி பட்டு ஈரமானதும் கரண்டுக்கு வழிவிட்டது.

அவனைக் காப்பாற்ற நினைத்துச் செய்ததுதான் அவனை யானைக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறது. அவள் காளிச்சாமியின் கடைப்படியில் உட்கார்ந்துவிட்டாள். அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், என்ன ஏது என்று கேட்கவில்லை. அவளே சொன்னாள். கேட்டுவிட்டு வயரைத் திரும்ப எடுத்து, தொப்பியை உள்புறம் வெளியாகப் புரட்டினார். மடிப்பில் பச்சைநீலமாகப் பொருக்கு.

"நானும் பாத்தனேக்கா, வெளிய மட்டும் பாத்துட்டேன்" என்றார்.

ஊசிமுனைப் பிளக்கை அவள் காட்டினாள். "இதப் போட்டா?"

"கேட்டாத் தாரேன். ஆனா கரண்டு போய்ச் சேராத எடத்துல எந்தப் பிளக்கு இருந்து என்ன? உங்க எஞ்சினுக்குக் கம்பெனி சொன்ன நம்பரு இந்தச் சாதாரணம்தான். அதப் போடுங்க. உசத்தி வேணும்னா வயருல காட்டுங்க."

மெல்லிய வயர் செட்டை ஒதுக்கிவிட்டுத் தடித்த, மேலே சிலிக்கான் உறை போட்ட செட்டை எடுத்து வைத்தார். அவள் ஒவ்வொரு தொப்பியையும் பிளக்கில் மாட்டிக் கழற்றிப் பார்த்தாள். முதல் செட்டில் ஒரு தொப்பி சுலபமாகக் கழன்றது. வேண்டாம் என்றாள். அடுத்ததில் நான்கும் உறிஞ்சிப் பிடித்தன, இழுத்தால் டப்பென்று சத்தம் வந்தது. அந்தச் சத்தம் அவளுக்குப் பிடித்திருந்தது. எஞ்சின் மூடிக்குப் புது ரப்பரும் கேட்டு வாங்கினாள்.

ஜின்சன் விஷயத்தைக் கேட்டு நெற்றியில் அடித்துக்கொண்டான். புதியதை மாட்டும் முன் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். வேனைக் கட்டியிழுத்து லைன் வீட்டு வாசலுக்கே கொண்டுவரச் சொல்லி, சக்கர நாற்காலியில் சூசையப்பனையும் கூட்டிவந்து பக்கத்தில் வைத்தாள். பழைய பிளக்கையும் வயரையும் மாட்டித் தண்ணீர் தெளித்து, எஞ்சினை ஓடவிட்டு, எல்லார் தலையையும் சேர்த்து ஒரு கம்பளியால் மூடினார்கள். இருட்டில் தெரிந்தது. தொப்பியிலிருந்து இரும்புக்கு நீலப் பொறிகள் சின்னச் சின்னப் புழுக்களாக ஓடின. எஞ்சின் உதறியது. துரிசைச் சுரண்டித் துடைத்து, காயவைத்து, புதுப் பிளக்கும் புது வயரும் மாட்டி மறுபடி தண்ணீர் தெளித்து மூடினார்கள். ஒன்றுமே தெரியவில்லை. கும்மிருட்டு. எஞ்சின் ஒரே சீராக ஓடியது.

ஜின்சன் போனபிறகு சூசையப்பன் கேட்டான், "கேன ஏன் முன்னாடி வச்ச? பின்னாடிதான எடம் கெடந்துச்சு."

அவள் அவன் மெத்தையைப் பார்த்தாள். அவனுக்கும் புரிந்துவிட்டது. கொஞ்சநேரம் கையைப் பிசைந்தான். ஆனாலும் விட்டானா?

"அதெல்லாம் சரி. இரும்பு இரும்புதான், எப்ப வேணா நிக்கும். நீ சொல்லு."

"மாதா முன்னாடி ஒண்ணு சொல்லுதேன். இந்த வண்டியில இனி துரிசு ஏறாது. ஓடுறதுக்கு வேற ஆளப் பாத்துக்கங்க."

அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். வியாழக்கிழமை காலையில் கஞ்சி வேண்டாம் என்றான், பேச்சும் வேண்டாம் என்றான். தூக்க விடமாட்டானோ என்று பயந்துகொண்டே அவள் குனிந்தாள். அவன் இரண்டு கையையும் அவள் கழுத்தில் போட்டுக்கொண்டான். காய்ச்சலில் உடம்பு கொதித்தது.

பூப்பாறை தாண்டியதும் பனி. தொண்டிமலைக்கு வந்தபோது முன்னால் போன லாரி நின்றது. லாரிக்காரன் கையை வெளியே நீட்டிக் கீழ்நோக்கி அசைத்தான். அந்தப் பாதையில் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஆனை நிற்கிறது, எஞ்சினை அணை, அசையாதே. இரைச்சல் கேட்டால் ஒற்றை யானைக்கு ஆகாது. அன்று அவள் அணைக்க வேண்டியிருக்கவில்லை, அதுவே அணைந்தது. இன்று அவளே அணைக்க வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினைத் தன் கையால் நிறுத்துவதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. சாவியைத் திருப்பினாள்.

ஒரு சத்தமும் இல்லை. மரத்திலிருந்து பனித்தண்ணீர் வேனின் கூரையில் சொட்டியது. லாரியைச் சுற்றிக்கொண்டு யானை வந்தது, அவசரமில்லாமல் வந்தது. பின்னால் ஒரு பஸ் ஒட்டி நின்றதால் பின்வாங்கவும் வழி இல்லை. யானை நின்று, காதை விரித்து, வேனைப் பார்த்தது.

"ஜோதி" என்றான் சூசையப்பன், காற்றைப்போல. "கதவத் தொறந்து மெதுவா எறங்கு. பஸ்ஸுப் பக்கம் போயிரு."

அவள் முன்னால் நிற்கிற லாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போ புள்ள. போயிரு. எனக்கு ஒண்ணும் இல்ல. போ."

யானை இன்னும் ஓரடி வைத்தது. லாரி நகர்ந்தது, முன்னால் வலப்பக்கம் வேன் புகுகிற அளவுக்கு இடம் விட்டது. இப்போது எடுத்தால் போகலாம். அவள் சாவிக்காக முன்னால் சாய்ந்தாள். சாய முடியவில்லை. தோள் பின்னால் இழுபட்டது. சேலை சீட்டுக் கம்பியில் மாட்டிக்கொண்டது என்று நினைத்து இடது கையைப் பின்னால் கொண்டுபோய்த் துழாவினாள்.

கம்பி இல்லை. அவன் முஷ்டி. முந்தானையைச் சுருட்டிப் பிடித்திருந்தது.

"போ" என்றான் அவன். முஷ்டி இன்னும் இறுகியது.

அவள் உடம்பைச் சாய்க்காமல் கையை மட்டும் நீட்டிச் சாவியைத் திருகினாள். முதல் தொடுதலில் எஞ்சின் பிடித்தது. யானை திடுக்கிட்டுத் தலையை உதறி ஒரு பக்கம் ஒதுங்கியது. வேன் லாரியின் பின்னாலேயே அந்த இடைவெளியில் நுழைந்து, வளைவைத் தாண்டி, ஏறியது. ஒருமுறைகூட இருமவில்லை.

போடிமெட்டு செக்போஸ்டில் பனி விலகி வெயில் அடித்தது. கீழே தமிழ்நாட்டுச் சமவெளி தெரிந்தது. அவள் முகமெல்லாம் நனைந்திருந்தது.

"முந்தானைய விடுங்க" என்றாள். "எறக்கத்துல கியர் மாத்தணும், கை எட்டல."

"நா எங்க புடிச்சேன்?" என்றான் சூசையப்பன். பிறகு தன் கையைப் பார்த்தான். ஒவ்வொரு விரலாக விட்டான்.

கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கின. இரண்டாவது வளைவில் அந்தக் கை மறுபடி வந்து முந்தானையைப் பிடித்துக்கொண்டது. அவள் கொஞ்சம் பின்னால் சாய்ந்து உட்கார்ந்து வண்டியை ஓட்டினாள்.